சித்திரைக் கிணறு சொல்லும் அளவு

நகரத்து வேலையை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கே போய்விடலாம், இருக்கிற இரண்டு ஏக்கரில் ஆடு, கோழி, காய்கறி என்று வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு சென்னை, கோவை, பெங்களூரு வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு வீடோ, ஒரு துண்டுப் புஞ்சையோ, அதில் ஒரு பங்கோ இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த வீடுகளின் பூட்டுகள் திறந்தன. வந்தவர்களில் சிலர் தங்கிவிட்டார்கள்; பலர் நிலைமை சீரானதும் கிளம்பிப் போனார்கள். போனவர்கள் ஏன் போனார்கள், இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தென்மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் பார்த்தும் கேட்டும் வந்ததை வைத்து இந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பேச விரும்புகிறேன்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். விவசாயம் தெரியாததால் தோற்றவர்கள் குறைவு. பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்த்து இரண்டு மூன்று வெள்ளாமையில் அது ஓரளவு பிடிபட்டுவிடும். பெரும்பாலோர் தோற்றது அளவு தெரியாமல் தொடங்கியதால். எத்தனை சென்டில் பயிர் வைக்கலாம், எத்தனை ஆடு கட்டலாம், எத்தனை மரம் நடலாம் என்பதையெல்லாம் சித்திரை மாதத்தில் அந்த நிலத்துக் கிணற்றில் ஓர் இரவில் ஊறுகிற தண்ணீர்தான் முடிவு செய்கிறது. மற்றக் கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊர் திரும்புவது பற்றிய விவாதம் நமக்குப் பழையது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு அவர் வாழ்க்கை கிராமத் தொழில்கள் பக்கம் திரும்பியது. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார், 1960இல் காலமானார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிற வாழ்க்கைதான் நிலைக்கும் என்பது அவர் வாதம். இதற்கு நேர் எதிரே அம்பேத்கர் நிற்கிறார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்தியக் கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடமாகவே அவர் கண்டார். கிராமத்தை அல்லாமல் தனி மனிதரை அடிப்படை அலகாக அரசியல் சட்ட வரைவு எடுத்துக்கொண்டதை வரவேற்றார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ஊர் திரும்புவதைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது என்று நினைக்கிறேன். குமரப்பா சொன்ன வாழ்க்கைக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அம்பேத்கர் கேட்ட கேள்வியோடு ஒட்டியது. ஊருக்குப் போனால் அப்பாவின் காடு இருக்கிறது என்று சொல்ல முடிகிறவர்கள் தமிழ்நாட்டில் ஒரு பகுதியினர் மட்டுமே. கூலிக்காரராகவே ஊரை விட்டுப் போன குடும்பத்துப் பிள்ளைக்கு, திரும்பி வருவதற்கு ஒரு காலனி வீடும் பழைய அவமானங்களும்தான் மிச்சம். அவர் நகரத்திலேயே இருக்க நினைப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

நம் தலைமுறைக்கு நெருக்கமானவர் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969இல் விட்டு வெளியே வந்து, பின்னாளில் கரூர் மாவட்டம் கடவூர் மலையடிவாரத்தில் வறண்ட நிலத்தில் வானகம் என்ற பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பரில் மறைந்தார். ஊர் திரும்பியவர்களில் பலர் அவர் பேச்சைக் கேட்டு வந்தவர்கள். ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகாவைப் படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. யோகோஹாமா சுங்க அலுவலகத்தில் பயிர்நோய்களைச் சோதிக்கும் வேலையில் இருந்து அப்பாவின் தோட்டத்துக்குத் திரும்பியவர் அவர். ஆனால் அவர் கதையில் ஒரு பகுதியைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அப்பா கவாத்து செய்து வளர்த்த ஆரஞ்சு மரங்களை இயற்கையாக வளரட்டும் என்று திடீரென்று அவர் கைவிட்டபோது, கிளைகள் பின்னிப் பூச்சி பிடித்து மரங்கள் பட்டுப்போயின. சும்மா விடுவது வேறு, இயற்கை விவசாயம் வேறு என்பதை அந்தத் தோட்டத்தில்தான் அவர் கற்றார். ஊருக்கு வந்த முதல் வருஷத்திலேயே எல்லாவற்றையும் மாற்றத் துடிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இனி தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர். வருஷத்துக்கு 900 மி.மீ. பெய்கிற ஊரில் ஒரு ஏக்கர் மேல் விழுவது 36 லட்சம் லிட்டர். கேட்க நிறையத்தான் இருக்கும். ஆனால் நம் மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் சில நாள்களுக்குள் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் தேவை, ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். கண்மாய்ப் பாசனமோ ஆற்றுப் பாசனமோ இல்லாத புஞ்சையில், பாரம்பரிய நெல் போடப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் இந்தக் கணக்கைத்தான் முதலில் அவர் முன் வைப்பேன்.

கிணற்றை அளப்பது எளிது. சித்திரைக் கடைசியில் ஒரு மாலை, மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வற்றும் வரை இறைத்துவிட வேண்டும். கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு இறக்கி வைக்கலாம். மறுநாள் விடியற்காலை கயிற்றை இழுத்து ஈரம் ஏறியிருக்கும் முடிச்சுகளை எண்ண வேண்டும். இருபதடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்றால் சுமார் 8,900 லிட்டர். மூன்று முடிச்சு நனைந்திருந்தால் 26,000 லிட்டருக்கு மேல்; அரை முடிச்சுதான் என்றால் 4,500 லிட்டர்கூட இல்லை. இனி செலவுப் பக்கம்: ஐந்து சென்ட் காய்கறிக்குக் கோடையில் தினம் ஆயிரம் லிட்டர் போல வேண்டும். கறவை மாடு ஒன்று வெயில் காலத்தில் குடிப்பதற்கே 60, 70 லிட்டர் கேட்கும். வெள்ளாட்டுக்கு ஐந்து லிட்டர் போதும். ஏக்கருக்கு எழுபது தென்னை வைத்துச் சொட்டுநீரில் மரத்துக்கு 60 லிட்டர் விட்டாலும் 4,200 லிட்டர். அரை முடிச்சுக் கிணற்றுக்காரர் ஒரு ஏக்கர் தென்னை வைத்தால் மற்ற எதற்கும் தண்ணீர் மிஞ்சாது என்பது இந்த ஒரு காலையிலேயே தெரிந்துவிடும். அப்படியும் ஒரு பஞ்ச வருஷத்துக்கு இடம் விட்டுக் கணக்குப் போட வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த கோடையில் பல ஊர்களில் முப்பது வருஷத்துத் தென்னைகள் மட்டை தொங்கி நின்றன.

தண்ணீர் போதாது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் செய்வது போர் போடுவது. தமிழ்நாட்டுக் குறுவட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட அதிகம் உறிஞ்சப்பட்டவை என்று நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பு வகைப்படுத்துகிறது. கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் வந்த குழிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரு குழி பொய்த்தால் அடுத்த மூலையில் இன்னொன்று, அதுவும் பொய்த்தால் கடன் வாங்கி மூன்றாவது என்று போகும்போது, பத்து வருஷச் சேமிப்பு ஒரே கோடையில் மண்ணுக்குள் போய்விடுகிறது. நான் பார்த்த தோல்விகளில் வலி மிகுந்தவை இந்த வகைதான். மண்ணுக்குள் பணத்தை இறக்குவதற்குமுன் மேலே விழுகிற மழையைப் பிடிப்பதே முறை. வரப்பை உயர்த்திப் போடுவது, சித்திரையில் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு ஓட்டுவது, தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுவது. ஐம்பதடி நீளம், நாற்பதடி அகலம், ஆறடி ஆழக் குட்டை ஒருமுறை நிரம்பினால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். கரைக்குச் சரிவு விட்டால் கொஞ்சம் குறையும். அது கீழே இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய்க்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைக்கிறது. விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசம் என்பது 1990இல் வந்தது. ஆனால் புது இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், இணைப்பு இல்லாத நிலத்துக்குத் திரும்புகிறவர் சூரிய மோட்டாரைத்தான் நம்ப வேண்டும்.

மானியம் என்றதும் பட்டா வருகிறது. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் நிலத்துக்குக் கூட்டுறவு சங்கக் கடனோ, சொட்டுநீர் மானியமோ, பயிர்க் காப்பீடோ எளிதில் வராது. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் இன்றைக்கும் வழக்கில் நிற்கின்றன. திரும்பி வருகிறவர் வாங்க வேண்டிய முதல் பொருள் மாடும் இல்லை, டிராக்டரும் இல்லை. சர்வேயரிடம் மனுப் போட்டு உட்பிரிவு செய்து, நாலு மூலையிலும் கல் ஊன்றித் தனிப்பட்டா வாங்க வேண்டும். இதில் அக்கா தங்கச்சி பங்கு என்று ஒரு பேச்சு வரும். தமிழ்நாடு 1989இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்துச் சட்டம் போட்டது. அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லாமல் இருந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் சீர் செய்தாயிற்றே என்று சொல்லி அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படித் தொடங்கும் தோட்டத்தை என் மனம் ஏற்பதில்லை. பங்கைப் பணமாகக் கொடுக்கலாம், வருஷா வருஷம் விளைச்சலில் கொடுக்கலாம், அக்காவையும் கூட்டாளியாக வைத்துக்கொள்ளலாம். மறைக்கக் கூடாது.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுவதில்தான் பலரின் கையிருப்பு முதலில் கரைகிறது. சுவர் நன்றாக இருந்தால் சட்டத்தையும் ஓட்டையும் மாற்றினாலே போதும். நாட்டு ஓட்டை மழைக்குமுன் மாற்றி அடுக்கத் தெரிந்த ஆள்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். அதற்குப் பதிலாகச் சீமை ஓடு போட்டுக்கொள்ளலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் வருஷத்துக்கு 80,000 லிட்டர் மழை விழுகிறது. ஒரு தொட்டி கட்டி அதில் ஒரு பகுதியைப் பிடித்தாலும் குடிக்கவும் சமைக்கவும் வெளியே கையேந்த வேண்டாம்.

என்ன பயிரிடலாம் என்பதற்கு ஊரே பதில் வைத்திருக்கிறது. தே. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் குதிரைவாலி வரும். கோவில்பட்டிக் கரிசலில் உளுந்து, கம்பு, மக்காச்சோளம். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலமே இருக்கிறது: சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். ஒரு சொட்டு பாசனம் இல்லாமல் காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் பல தலைமுறை காப்பாற்றிய ஏற்பாடு அது. கிளுவைப் போத்தை மழைக்குமுன் நெருக்கி ஊன்றிவிட்டால், வேர் பிடித்து ஆடு நுழையாத வேலியாகிவிடும். முள்கம்பிக்குப் போகும் பணம் மிச்சம். வறண்ட நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் யூடியூபில் பார்த்த டிராகன் பழத்தைவிட இந்தக் கொரங்காட்டை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

தோட்டக்கால் இருந்தால் வீட்டுக்கு அருகில் ஐந்து சென்டில் காய்கறி, வாய்க்கால் ஓரத்தில் அகத்தி, வாழை, பப்பாளி, குளியல் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு கறிவேப்பிலை. இதற்கு மேல் சந்தைக்கென்று ஒன்று வேண்டுமானால் முருங்கை. 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம்-1 விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்க்கும். ஆனால் பருவத்தில் எல்லோர் காயும் ஒன்றாக வரும்போது பறிகூலிக்குக்கூட விலை கட்டாது. இருக்கும் நிலம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடக் கூடாது. தென்னை என்பது ஒருமுறை வைத்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில் வைக்கப்படுகிறது. 2016இல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது தென்னை உள்ள இடமெல்லாம் பரவிவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை, தஞ்சை, புதுக்கோட்டையில் ஒரே இரவில் சாய்ந்த மரங்களோடு பல குடும்பங்களின் முதுமைக்கான சேமிப்பும் சாய்ந்தது. வேலி ஓரத்தில் ஐந்தாறு தென்னை வீட்டுக்கு வேண்டும்; தோப்பு என்பது வேறு முடிவு.

கால்நடையில், மாட்டைக் கடைசியில் வாங்குவதே சரி. கறவை மாடு வீட்டைக் கட்டிப்போடும். காலை ஐந்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பீச்ச ஆள் வேண்டும். ஒரு கல்யாணத்துக்குக்கூட இருவரும் சேர்ந்து போக முடியாது. கலப்பின மாட்டுக்குத் தினம் 25, 30 கிலோ பசுந்தீவனம் வெட்ட வேண்டும், அதற்குக் கோ-4 புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மறுபடி கிணற்றில்தான் வந்து நிற்கிறோம். வெள்ளாடு அப்படியில்லை. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னி ஆடு வெயிலைத் தாங்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். மூன்று பெட்டையோடு தொடங்கி, ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசியைத் தவறவிடாமல் போட்டு வந்தால், பெருக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். முதலிலேயே ஐம்பது ஆடு வாங்கிப் பரண் கொட்டகை கட்டியவர்கள் ஒரே மழைக்காலத்தில் பாதியைப் புதைத்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். சந்தையில் பத்து இடத்து ஆட்டை ஒன்றாகக் கட்டினால் பத்து இடத்து நோயும் ஒன்றாக வரும்.

தொடங்க ஏற்றது கோழிதான். சிறுவிடைப் பெட்டை ஒன்று பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். பழைய கூடையில் மணலைப் பரப்பி, நடுவே குழித்து முட்டைகளை அடுக்கி, இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் இரும்புத் துண்டையும் கரியையும் மிளகாய் வற்றலையும் செருகி வைப்பார்கள் ஊர்ப் பெண்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டைக்குள் சிலந்திக் கால்போலச் சிவப்பு நரம்புகள் தெரியும். தெளிந்து கிடப்பதை எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு. வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாளே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடாவிட்டால், பஞ்சாரத்தைத் திறக்கும் ஒரு காலையில் எல்லாம் செத்துக் கிடக்கும். கீரிக்கும் பருந்துக்கும் போக மிஞ்சியது வீட்டு முட்டைக்குப் போதும், அவ்வப்போது விற்கவும் ஆகும்.

பணக் கணக்குக்கு வருவோம். 2018-19இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கால்நடையிலிருந்து 1,582. கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063. பரம்பரையாக உழுகிறவர் வீட்டிலேயே பயிரைவிடக் கூலிதான் அதிகம் கொண்டுவருகிறது. தமிழ்நாட்டில் சராசரி நில அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. இந்த அளவில் நகரத்துச் சம்பளத்தை நிலத்திலிருந்து எடுக்க நினைப்பது நிலத்துக்கும் கேடு, மனுஷருக்கும் கேடு. நிலைத்தவர்கள் அத்தனை பேரிடமும் நான் பார்த்த பொது அம்சம், வெளியிலிருந்து ஒரு வருமானம். மனைவி பள்ளி ஆசிரியை, கணவர் வாரம் மூன்று நாள் கணினியில் வேலை, ஓய்வூதியம், கடை வாடகை என்று ஏதோ ஒன்று. நிலம் அவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், காய், முட்டை, பால் செலவைக் குறைக்கிறது. மிஞ்சியதை உழவர் சந்தையில் கொடுக்கிறார்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தச் சந்தைகளில் விவசாயி அட்டை இருந்தால் தரகு இல்லாமல் விற்கலாம்; ஐந்து கிலோ வெண்டைக்காய் கொண்டுபோனாலும் யாரும் விரட்டுவதில்லை.

இந்தச் சின்ன வாழ்க்கையில் வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஊருக்குப் போகலாம் என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஆண். சாணி அள்ளுவது, கோழியை அடைப்பது, காய் பறிப்பது, வருகிறவர்களுக்குச் சோறு போடுவது எல்லாம் மனைவிக்கு வந்து சேர்கிறது. நகரத்தில் அவருக்கு இருந்த சொந்தச் சம்பளமும், தோழியும், கேள்வி கேட்பாரில்லாத மாலைப் பொழுதும் ஊரில் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. குடும்பம் திரும்ப நகரத்துக்கே போனதற்குக் கிணறு வற்றியதைக் காரணமாகச் சொன்ன இடங்களில், விசாரித்தால் இதுவும் பாதிக் காரணமாக இருந்தது. மனைவி பெயரில் பட்டாவில் ஒரு பங்கு இருந்து, விற்கிற முட்டைப் பணமும் அவர் கையிலேயே இருந்த வீடுகளின் நிலைமை வேறு.

கடைசியாக ஒன்று. திரும்புகிறவர் தன் நிலம் சும்மா கிடந்ததாக நினைக்கிறார். அநேகமாக அது சும்மா கிடந்திருக்காது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வாரத்துக்கு உளுந்து போட்டிருப்பார், ஒரு பாட்டி அதில் நாலு ஆடு மேய்த்திருப்பார், யாரோ சீமைக் கருவேலத்தை வெட்டி அடுப்பெரித்திருப்பார். எழுத்தில் எதுவும் இருக்காது. 1955இலிருந்து குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும், வாய்மொழி வாரக்காரருக்கு அது எட்டுவதில்லை. சொந்தக்காரர் வந்து நின்றால் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவரோடு அந்த நிலத்தைப் பற்றிய அறிவும் போய்விடும்: எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தப் பாத்தியில் உப்புப் பூக்கும், மயில் எந்தப் பக்கமிருந்து வரும், போன பஞ்சத்தில் கிணறு எந்த மாதம் வரை தாக்குப்பிடித்தது. இதெல்லாம் எந்த மண் பரிசோதனை அட்டையிலும் வராது. முதல் இரண்டு வெள்ளாமையை அவரையே போடச் சொல்லி, கூட நின்று வேலை பார்த்து, விதைச் செலவில் பாதியை ஏற்று, வீட்டை ஒட்டிய ஐந்து சென்டில் மட்டும் நம் சோதனைகளை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தேவைக்கு மேல் இருக்கிற நிலத்தை அவரிடமே, இந்த முறை எழுத்துக் குத்தகையாக, விட்டுவைக்கலாம். சித்திரையில் முடிச்சுக் கயிற்றை இறக்கும்போது அவரையும் கூப்பிட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தத் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஊறுகிறது.